தட்டைத் திருப்புவது குறையா, கலையா? பழைய ராக் ஆல்பங்களின் இரண்டு பக்கங்கள்

4 ஜூன், ஒரு வாசகரின் கேள்வி

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் 'டார்க் சைடு ஆஃப் த மூன்' ஆல்பம் முதல் வினாடியிலிருந்து கடைசி வினாடி வரை இடைவெளியில்லாமல் கேட்பதற்காகவே செய்யப்பட்டது என்றும், எல்.பி. தட்டில் (இரண்டு பக்கமும் பாடும் பெரிய இசைத்தட்டு) நடுவே எழுந்துபோய்ப் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது அக்காலத் தொழில்நுட்பத்தின் குறை மட்டுமே என்றும் நான் கருதுகிறேன். குறுந்தகடு வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. மறுப்பவர் உண்டா?

4 ஜூன், மாலை

நான் மறுக்கிறேன். 1973 மார்ச்சில் வெளிவந்த அந்த ஆல்பத்தின் முதல் பக்கம் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'யில் முடிகிறது. குழுவின் கீபோர்டுக் கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பியானோவுக்கு மேல் க்ளேர் டோரி என்ற பாடகி பாடல் வரி ஒன்றும் இல்லாமல் குரலெடுத்துக் கதறி, பிறகு தளர்ந்து, கடைசியில் முனகலாகி அடங்குகிறார். இரண்டாம் பக்கமோ கல்லாப்பெட்டியின் ஓசையோடும் நாணயங்களின் கிலுகிலுப்போடும் 'மணி' பாடலாகத் தொடங்குகிறது. சாவைப் பற்றிய பாட்டுக்கும் காசைப் பற்றிய பாட்டுக்கும் நடுவே, தட்டைத் தூக்கித் திருப்பி ஊசியை வைக்கும் நேரத்துக்கு ஒரு மௌனம் இருந்தது. அந்த மௌனமும் ஆல்பத்தின் ஒரு பகுதியே என்பது என் கட்சி. இடைவெளியில்லாமல் ஓடவிட்டால், பிணம் எடுப்பதற்கு முன்பே வாசலில் கடன்காரன் வந்து நிற்பதுபோல் அந்தக் கல்லாப்பெட்டி திறந்துவிடுகிறது. அந்த அதிர்ச்சியும் ஒரு சுவைதான் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது அவசரமாகவே படுகிறது.

5 ஜூன்

பதிவுக்கு முன்பே, 1972 தொடக்கத்திலிருந்தே, இசைக்குழு இதை மேடையில் ஒரே மூச்சாக வாசித்து வந்தது என்றும், ஆகவே தொடர்ச்சிதான் அவர்களுடைய நோக்கம் என்றும் கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். மேடையில் வாசித்தது உண்மை. ஆனால் 1972 ஜனவரியில் பிரைட்டன் நகரில் முழுமையாக வாசிக்க முயன்றபோது, பின்னணி ஒலிநாடாவில் கோளாறு ஏற்பட்டு, சரியாக 'மணி' பாடலில்தான் நிகழ்ச்சி தடைபட்டது. பக்கம் திருப்ப வேண்டிய இடம் இயந்திரத்துக்கே தெரிந்திருந்தது என்று வாதிட எனக்கு ஆசைதான். ஆனால் எந்த நடுவரும் அதை ஏற்கமாட்டார்.

வலுவான வாதம் வேறு. மேடையில் அந்த மரணப் பகுதி, ஆர்கன் இசையும் ஒலிநாடாவில் பிரசங்கக் குரல்களும் சேர்ந்த வேறொரு வடிவத்தில் இருந்தது. டோரியின் குரல் 1973 ஜனவரியில், பதிவு முடியும் தறுவாயில்தான் வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைக்கப்பட்ட அவர் சில முறை பாடிவிட்டு, 30 பவுண்டு கூலியோடு வீடு திரும்பினார். அப்பாடலை இயற்றியதில் தமக்கும் பங்குண்டு என்று 2004-இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் ரைட்டின் பெயரோடு அவருடைய பெயரும் அச்சேறியது. அந்த 30 பவுண்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அடுத்த பக்கத்தின் கல்லாப்பெட்டி என் காதில் ஒலிக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: மேடையில் தொடர்ச்சியாக வாசித்த வடிவத்தில் இந்த முடிவே இல்லை. இது தட்டுக்காகப் பதிவுசெய்தபோது கிடைத்த முடிவு. தட்டில் அது விழுந்த இடமும் ஒரு பக்கத்தின் முடிவே.

6 ஜூன்

பக்கத்தின் முடிவு என்பதில் கொஞ்சம் இயற்பியலும் இருக்கிறது. எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழல்கிறது. ஆனால் ஊசி விளிம்பில் இருக்கும்போது அதன் அடியில் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒலி பதிந்த பள்ளம் ஓடுகிறது என்றால், மையத்தை நெருங்கும்போது அது சுமார் 20 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியை அந்தச் சிறிய நீளத்துக்குள் நெருக்கி வெட்ட வேண்டியிருப்பதால், உரத்த ஓசைகளும் கூர்மையான மேல்தொனிகளும் அங்கே சற்றுக் கலங்கிக் கேட்கும். ஆகவே பக்கத்தின் கடைசியில் மென்மையான பாடலை வைப்பதே மூலத்தட்டில் அந்தப் பள்ளத்தை வெட்டுபவர்களுக்கு வசதி. ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல் திணித்தால் ஒலியளவையும் குறைத்துத்தான் வெட்ட வேண்டும்.

'டார்க் சைடு' ஆல்பத்தின் முதல் பக்கம் இந்த விதிக்குப் பணிகிறது: உள்வட்டத்துக்கு வரும்போது டோரியின் குரல் தணிந்து, பியானோ மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாம் பக்கம் பணியவில்லை. 'எக்லிப்ஸ்' முழுக் குரலோடும் ஆர்கனோடும் ட்ரம்ஸோடும் பள்ளத்தின் நீளம் மிகக் குறைந்த இடத்தில் வந்து நிற்கிறது. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸின் திறமையைப் பலரும் பாராட்டுகிறார்கள். அந்த உள்வட்டத்தில் இவ்வளவையும் வெட்டிக் கொடுத்தவரின் பெயரை யாரும் கேட்பதில்லை.

8 ஜூன்

இதைப் பழைய தட்டுகளின்மீதான பாசம் என்று ஒருவர் ஒதுக்கியிருக்கிறார். அந்தக் குற்றச்சாட்டு என் விஷயத்தில் பொருந்தாது, ஏனென்றால் நான் இந்த ஆல்பத்தை முதலில் கேட்டது தட்டில் அல்ல, பதிவுசெய்து வாங்கிய கேசட்டில். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். 'டார்க் சைடு' சுமார் 43 நிமிடம். ஒரு பக்கத்தில் முழு ஆல்பமும் அடங்கிவிடும். மறுபக்கத்தில் 44 நிமிட 'விஷ் யூ வேர் ஹியர்'. குறுந்தகடு வீட்டுக்குள் வருவதற்கு முன்பே என் வயதை ஒத்தவர்கள் பலர் இந்த ஆல்பத்தை இடைவெளியில்லாமல்தான் கேட்டோம். கேள்வி கேட்டவர் விரும்பும் தொடர்ச்சியை எங்களுக்குக் கொடுத்தது குறுந்தகட்டின் லேசர் அல்ல, கேசட் வாங்கும் காசை மிச்சம் பிடித்த கணக்கு.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நண்பர் வீட்டில் தட்டில் கேட்டபோதுதான், டோரியின் குரல் அடங்கியபின் ஊசி தூக்கப்பட்ட அந்த அமைதியில், 'மணி' வருவதற்கு முன்பே யாராவது ஏதாவது பேசவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. யாரும் பேசவில்லை. கேசட்டில் கேட்டுப் பழகிய எனக்கு அந்த அனுபவம் கிடைத்ததே இல்லை. ஆக, நான் பிறந்து வளர்ந்த பழக்கம் தொடர்ச்சி. பிறகு கற்றுக்கொண்டது இடைவெளி.

9 ஜூன்

கேசட்டைத் திருப்பாமலே மறுபக்கத்தைப் பாடும் ஆட்டோ ரிவர்ஸ் வசதி உள்ள கருவியில் போட்டால் இந்தக் கொள்கை என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொள்கை அப்படியே இருக்கும். கருவியின் 'கடக்' என்ற ஓசை மட்டும் ஆல்பத்தில் ஒரு வாத்தியமாகச் சேர்ந்துகொள்ளும்.

11 ஜூன்

கேசட்டின் மறுபக்கத்துக்கு வருவோம். 1975 செப்டம்பரில் வெளிவந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில், பக்கங்களைப் பற்றிய தகராறு இசைக்குழுவுக்குள்ளேயே நடந்திருக்கிறது என்பது இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும். 'ஷைன் ஆன் யூ க்ரேஸி டைமண்ட்' ஒன்பது பகுதிகள் கொண்ட நீண்ட இசை. அதை முழுதாக ஒரே பக்கத்தில் வைத்து, மேடையில் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த வேறு இரண்டு நீண்ட பாடல்களை மறுபக்கத்தில் வைக்க வேண்டும் என்று குழுவின் கித்தார் கலைஞர் டேவிட் கில்மர் விரும்பினார். அதை இரண்டாகப் பிளந்து ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்து, நடுவில் புதிய பாடல்களைச் சேர்க்கவேண்டும் என்றார் பாடல் வரிகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ். மற்ற இருவரும் வாட்டர்ஸின் பக்கம் சாய்ந்தார்கள்.

கில்மரின் கித்தாரை வாட்டர்ஸின் வரிகளைவிட அதிகம் விரும்புபவன் நான். ஆனாலும் இதில் வாட்டர்ஸ் சொன்னதே சரி. மனநிலை குலைந்து குழுவைவிட்டு விலகிய சிட் பாரட்டைப் பற்றிய இசை அது. அதை ஒரே பக்கத்தில் முழுமையாக வாசித்து முடித்துவிட்டால், கேட்பவர் அவரை வழியனுப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். பிளந்து வைத்ததால் அவர் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. பாரட்டே 1975 ஜூன் 5 அன்று, தலையும் புருவமும் மழித்து, உடல் பெருத்த நிலையில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து நின்றபோது பழைய நண்பர்களுக்கு முதலில் அவரை அடையாளம் தெரியவில்லை என்பதைப் பலரும் படித்திருப்பீர்கள். அந்தச் செய்தியைவிட என்னை அதிகம் பாதிப்பது ஆல்பத்தின் கடைசி வினாடிகள். ஒன்பதாம் பகுதி மங்கி மறையும்போது, பாரட் எழுதிய 'சீ எமிலி ப்ளே' பாட்டின் மெட்டை ரைட் சின்னதாக வாசித்துவிட்டுப் போகிறார். உற்றுக் கேட்காவிட்டால் தவறிப்போகும். 90 நிமிடக் கேசட்டில், பதிவு வேகம் கொஞ்சம் பிசகினால், நாடா தீர்ந்து அந்த இடமே இல்லாமல் போகவும் கூடும்.

நடுப்பகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'வெல்கம் டு த மெஷின்' முதல் பக்கத்தை முடிக்கிறது. வெளியிலிருந்து வந்த பாடகர் ராய் ஹார்ப்பர் பாடும் 'ஹேவ் அ சிகார்' இரண்டாம் பக்கத்தைத் தொடங்குகிறது. இரண்டுமே இசைத்தொழிலைப் பற்றிய புகார்கள். தட்டில் நடுவே மூச்சு விட நேரம் இருக்கிறது. தொடர்ந்து ஓடவிட்டால் ஒரே வழக்கை இரண்டு வக்கீல்கள் அடுத்தடுத்து வாதிடுவதைக் கேட்கவேண்டியிருக்கிறது.

12 ஜூன்

கில்மர் மறுபக்கத்தில் வைக்க விரும்பிய அந்த இரண்டு பாடல்கள் எவை என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டும் பெயரும் உருவமும் மாறி, 1977 ஜனவரியில் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் 'டாக்ஸ்', 'ஷீப்' என்று வந்தன. கில்மர் வென்றிருந்தால் 'அனிமல்ஸ்' என்ற ஆல்பம் இன்றைய வடிவில் இருந்திருக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை.

14 ஜூன்

'அனிமல்ஸ்' பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பிங்க் ஃப்ளாய்டின் தட்டுகளில் நான் அதிகம் எடுத்துப் போடுவது அதைத்தான். ஆல்பத்தில் மொத்தம் ஐந்தே தடங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் 'பிக்ஸ் ஆன் த விங்' என்ற ஒன்றரை நிமிடக் காதல் பாட்டு, வாட்டர்ஸின் குரலும் அக்கூஸ்டிக் கித்தாரும் மட்டும். நடுவில் நாய், பன்றி, ஆடு என்று மூன்று நீண்ட வசைப்பாட்டுகள். முதல் பக்கத்தில் அந்தச் சின்னப் பாட்டைத் தவிர 'டாக்ஸ்' மட்டுமே இருக்கிறது, 17 நிமிடம். அதன் நடுப்பகுதியில் ஒற்றைச் சொல் எதிரொலித்து எதிரொலித்து மனிதக் குரல் என்ற அடையாளத்தை இழந்து, கீபோர்டின் ஒலியோடு கலந்து, நாய்க் குரைப்பும் சேர்ந்து நீண்டுகொண்டே போகிறது. முதன்முறை கேட்பவர்கள் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். எனக்கு அந்த நீளம் வேண்டும். பிறரைக் கடித்தே முன்னேறிய ஒரு மனிதன் கிழடாகித் தனியாகச் சாவதைச் சொல்லும் பாட்டு நான்கு நிமிடத்தில் முடிந்தால் அது நீதிக்கதை ஆகிவிடும். 'டாக்ஸ்' முடிந்தபின் பக்கம் முடிகிறது. இன்னொரு பாட்டு உடனே வந்து அதைத் துடைத்துவிடுவதில்லை.

இரண்டாம் பக்கத்தில் 'பிக்ஸ்', 'ஷீப்' என்று இரண்டு நீண்ட பாட்டுகளும், கடைசியில் அந்தக் காதல் பாட்டின் மறுபாதியும். விவிலியத்தின் 23-ஆம் சங்கீதத்தைத் திரித்து, இயந்திரக் குரலில் ஒப்பிக்கும் இடம் 'ஷீப்' பாட்டில் வருகிறது. இன்றும் சிரிப்பும் அச்சமும் சேர்ந்தே வருகின்றன. இதே ஆண்டில் பங்க் இசைக்குழுக்கள் பிங்க் ஃப்ளாய்டைக் கொழுத்த பணக்காரர்கள் என்று ஏசிக்கொண்டிருந்தன. இந்த ஆல்பத்தைவிடக் கடுமையான கோபத்தை அன்றைய பங்க் தட்டுகள் பலவற்றில் நான் கேட்டதில்லை.

ஒரு குறையும் உண்டு. ரைட் எழுதிய எதுவும் இதில் இல்லை, அந்த வெறுமை தெரிகிறது. 'ஷீப்' தொடக்கத்தில் அவர் தனியாக வாசிக்கும் கீபோர்டு, இல்லாததை நினைவூட்டவே அங்கே இருப்பதுபோல் படுகிறது.

15 ஜூன்

'அனிமல்ஸ்' எட்டுத்தட நாடாப் பெட்டியிலும் வெளிவந்ததை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். அமெரிக்கக் கார்களில் அப்போது பரவலாக இருந்த அந்த வடிவத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. நாடா வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்தப் பதிப்பில் 'பிக்ஸ் ஆன் த விங்' பாட்டின் இரண்டு பாதிகளும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, இடையில் ஸ்னோயி ஒயிட் என்ற வெளிக் கலைஞர் வாசித்த கித்தார் தனியாவர்த்தனம் வைக்கப்பட்டது. வடிவம் மாறியபோது இசையும் மாற வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

17 ஜூன்

பிங்க் ஃப்ளாய்டைவிட்டு வெளியே வரச் சொல்கிறார்கள். வருகிறேன்.

பீட்டில்ஸின் 'ஆபி ரோடு', 1969 செப்டம்பர். முதல் பக்கம் 'ஐ வான்ட் யூ (ஷீ இஸ் ஸோ ஹெவி)' பாட்டில் முடிகிறது. ஒரே கித்தார்ச் சுழல் திரும்பத் திரும்ப வர, புயல்போன்ற இரைச்சல் ஏறிக்கொண்டே போக, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கத்தியால் வெட்டியது மாதிரி ஒலி நின்றுவிடுகிறது. ஜான் லெனன் ஒலிநாடாவை அந்த இடத்தில் வெட்டச் சொன்னார். கேசட்டில் முதன்முறை கேட்பவர், நாடா தீர்ந்துபோகப் பதிவுசெய்தவர் பாட்டை அரைகுறையாக விட்டுவிட்டார் என்றே சந்தேகப்படுவார். அப்படிக் கடையில் போய்ச் சண்டை பிடித்தவர்களும் இருக்கக்கூடும். தட்டைத் திருப்பினால் 'ஹியர் கம்ஸ் த சன்'. இருட்டுக்கும் வெயிலுக்கும் நடுவே கேட்பவர் எழுந்து நடக்க வேண்டும். இதைக் குறை என்று சொல்பவரோடு எனக்கு வாதமே இல்லை, காபி மட்டும் சாப்பிடலாம்.

பக்கங்களின் நேரத்தைச் சமன்செய்வதற்காக இங்கிலாந்துக் கேசட்டில் முதல் பக்கத்தின் முதல் பாட்டான 'கம் டுகெதர்' பாட்டையும் 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டையும் இடம் மாற்றிவிட்டார்கள். ஆல்பம் வெயிலில் தொடங்கி, வெட்டுக்குப் பிறகு 'கம் டுகெதர்' வரும். நாடாவைக் கொஞ்சம் மிச்சப்படுத்தியதற்கு இது அதிக விலை.

18 ஜூன்

நேற்றைய குறிப்பை மீண்டும் படித்தேன். 'ஆபி ரோடு' இரண்டாம் பக்கத்தில், முடிக்காத சின்னச் சின்னப் பாட்டுகளை ஒன்றோடொன்று தைத்த அந்தத் தொடரைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது அருமைதான். ஆனால் அதைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. என் கண்ணுக்கு அதன் வெற்றிக்கும் பக்கம்தான் காரணம்: முதல் பக்கம் தனித்தனிப் பாட்டுகளாக நிற்பதால்தான் இரண்டாம் பக்கத்தின் தொடர்ச்சி உணரப்படுகிறது.

20 ஜூன்

கேள்வி கேட்டவர் விடுவதாக இல்லை. பக்கங்களை நீக்குவதால் இசைக்கு எந்தச் சேதமும் இல்லை என்று மீண்டும் எழுதியிருக்கிறார். அவருக்கு கித்தார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' கதையைச் சொல்கிறேன்.

1968 அக்டோபரில் வந்த அது இரட்டைத் தட்டு. அக்காலத்தில் தட்டுகளை நடுக்கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தானாகவே ஒவ்வொன்றாக விழுந்து பாடும் கருவிகள் இருந்தன. அவற்றுக்கு ஏற்றபடி முதல் தட்டில் ஒன்றாம், நான்காம் பக்கங்களையும், இரண்டாம் தட்டில் இரண்டாம், மூன்றாம் பக்கங்களையும் அச்சடித்தார்கள். ஒன்றும் இரண்டும் பாடி முடிந்ததும் அடுக்கை அப்படியே கவிழ்த்துப் போட்டால் மூன்றும் நான்கும் வரிசையாக வரும். பிறகு குறுந்தகடு வந்தபோது, தொடக்கக் காலப் பதிப்புகள் சிலவற்றில் இந்த ஏற்பாடு தெரியாமல் தட்டு வாரியாக எடுத்து, 1, 4, 2, 3 என்ற வரிசையில் பதித்துவிட்டார்கள்.

விளைவைப் பாருங்கள். ஆல்பத்தையே முடித்துவைக்க வேண்டிய 'வூடூ சைல்ட் (ஸ்லைட் ரிடர்ன்)' நடுவில் போய்விட்டது. மூன்றாம் பக்கத்தில் 'ரெய்னி டே, ட்ரீம் அவே' என்று தொடங்கும் ஒரே வாசிப்பின் தொடர்ச்சிதான் நான்காம் பக்கத்தின் தொடக்கமான 'ஸ்டில் ரெய்னிங், ஸ்டில் ட்ரீமிங்'. அந்தக் குறுந்தகட்டில் மழை 'இன்னும் பெய்துகொண்டிருந்து' விட்டு, வெகுநேரம் கழித்துத்தான் பெய்யவே தொடங்குகிறது. குறையைத் தீர்க்க வந்த குறுந்தகடு செய்த வேலை இது.

21 ஜூன்

அது பதித்தவரின் பிழை, குறுந்தகட்டின் பிழை அல்ல என்று பதில் வந்திருக்கிறது. நியாயமான பதில். பக்கம் என்ற ஒன்றை எவரும் பொருட்படுத்தாத காலத்தில்தான் அப்படிப்பட்ட பிழை வெளியே போகும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

23 ஜூன்

லெட் ஸெப்லின் குழுவின் நான்காம் ஆல்பம் (1971 நவம்பர், உறையில் பெயர் கிடையாது, பெயருக்குப் பதில் உள்ளே நான்கு குறிகள் மட்டும்). 6 ஜூன் குறிப்பில் சொன்ன உள்வட்ட விதியை இரண்டு பக்கங்களிலும் இரண்டு விதமாகச் சோதித்துப் பார்த்த தட்டு இது. முதல் பக்கத்தின் முடிவு 'ஸ்டேர்வே டு ஹெவன்'. எட்டு நிமிடம் ஏறி, உச்சத்தில் வாத்தியங்களெல்லாம் முழங்கி ஓய்ந்தபின், கடைசி வரியை ராபர்ட் ப்ளான்ட் வாத்தியத் துணை இல்லாமல் தனிக்குரலில் பாடி முடிக்கிறார். ஊசி மிகவும் திணறவேண்டிய இடத்தில் ஒரே ஒரு குரல். இரண்டாம் பக்கத்தின் முடிவு 'வென் த லெவி ப்ரேக்ஸ்': ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் ஜான் பானமின் ட்ரம்ஸை வைத்து, மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டு ஆண்டி ஜான்ஸ் பதிவுசெய்த அந்தக் கனமான ஓசை, ஏழு நிமிடம், உள்வட்டத்தில். விதியை மீறியது மட்டுமல்ல, அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

1927-இல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-இல் பதிவுசெய்த ப்ளூஸ் பாட்டு அது. மூலத்தில் இரண்டு கித்தார்களும் ஒரு குரலும் மட்டுமே. எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் வெள்ளம் வருவது கேட்கவேண்டுமென்றால் பானமின் ட்ரம்ஸ்தான்.

'ஸ்டேர்வே' முடிந்தவுடனே இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டான 'மிஸ்டி மவுன்டன் ஹாப்' கேட்பது அந்தப் பாட்டுக்கு இழைக்கும் அநீதி. அதற்குத் தட்டில் கிடைத்த இடைவெளி ஒரு கருணை.

24 ஜூன்

பக்கத்தின் தொடக்கத்தைப் பற்றியும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டே சான்றுகள். பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' (1967) ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ' இரண்டாம் பக்கத்தின் தலையில் இருக்கிறது. மற்ற பீட்டில்ஸ் மூவரும் இல்லாமல், லண்டனில் இருந்த இந்திய இசைக் கலைஞர்களோடு, தில்ருபாவும் தபலாவும் தம்புராவும் வைத்துச் செய்த பாட்டு. வேறு எந்தப் பாட்டின் பின்னாலும் அது பொருந்தாது. மௌனத்தின் பின்னால் மட்டுமே பொருந்தும். தம்புரா ஒலிக்கத் தொடங்குவதற்கு முன் சற்று அமைதி வேண்டும் என்பது கச்சேரி கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதல்ல. பிடிக்காதவர்களுக்கும் அந்த இடம் வசதியாக இருந்தது: ஊசியை ஒரு பாட்டுத் தள்ளி வைத்தால் போதும்.

இன்னொன்று டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' (1972). இரண்டாம் பக்கம் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டில் தொடங்குகிறது. ஆல்பம் வந்தபோது குழுவினர் தனிப்பாடலாக (சிங்கிள் தட்டாக) வெளியிட்டது அதை அல்ல, முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'நெவர் பிஃபோர்' என்பதை. இன்று கித்தார் வாங்கும் பையன்கள் கடையில் வாசித்துப் பார்ப்பது 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டைத்தான், எவரும் 'நெவர் பிஃபோர்' வாசித்துப் பார்ப்பதில்லை.

27 ஜூன்

என் கட்சிக்கு எதிரான வலுவான சாட்சியை நானே கொண்டுவருகிறேன், யாரும் கொண்டுவராததால். ஜெத்ரோ டல் குழுவின் 'திக் அஸ் அ ப்ரிக்' (1972) இரண்டு பக்கங்களிலும் சேர்த்து ஒரே பாட்டு, சுமார் 44 நிமிடம். முதல் பக்கத்தின் முடிவில் இசை மங்கி மறைகிறது, இரண்டாம் பக்கத்தில் மீண்டும் எழுகிறது. இங்கே பக்கம் உண்மையாகவே தடைதான். அந்த மங்கலும் எழலும் இசை கேட்டுக்கொண்டவை அல்ல, தட்டு கட்டாயப்படுத்தியவை. குறுந்தகட்டில் இது மேம்படுகிறது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனாலும் ஒன்று. முந்தைய ஆல்பமான 'அக்வாலங்' ஒரே கருத்தைச் சுற்றிய ஆல்பம் என்று விமர்சகர்கள் எழுதியதைக் கேலிசெய்வதற்காகவே குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன் இதைச் செய்தார். எட்டு வயதுச் சிறுவன் எழுதிய கவிதை என்று ஒரு கற்பனை, உறையாக 12 பக்கப் பொய்ச் செய்தித்தாள். அந்தக் கேலியில் பாதிவழியில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பவைப்பதும் சேர்த்தியோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மேலும், நடுவே செய்தித்தாளைப் படிக்க நேரம் கிடைக்கும்.

28 ஜூன்

'ஒப்புக்கொண்டுவிட்டார், வழக்கு முடிந்தது' என்று கேள்வி கேட்டவர் கொண்டாடுகிறார். ஒரு ஆல்பத்தில் ஒப்புக்கொண்டேன். 'டார்க் சைடு' பற்றிய வழக்கு நிலுவையில்தான் இருக்கிறது.

2 ஜூலை

இரட்டைத் தட்டுகளில் எது நான்கு பக்கங்களையும் நன்றாகப் பயன்படுத்தியது என்று கேட்டவருக்கு: லெட் ஸெப்லினின் 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி' (1975), ஆனால் மூன்று பக்கங்கள் வரைக்கும். புதிதாகப் பதிவுசெய்த எட்டுப் பாட்டுகள் ஒரு தட்டுக்கு அதிகமாகிவிட்டதால், முந்தைய ஆல்பங்களில் மிஞ்சிய ஏழைச் சேர்த்து இரட்டைத் தட்டாக்கினார்கள். 'ஹவுசஸ் ஆஃப் த ஹோலி' என்ற பாட்டு, அதே பெயருள்ள முந்தைய ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் இதில் வந்து சேர்ந்தது. முதல் பக்கம் பதினொரு நிமிட 'இன் மை டைம் ஆஃப் டையிங்' பாட்டில் முடிகிறது. இரண்டாம் பக்கம் 'காஷ்மீர்' பாட்டில் முடிகிறது, மறுபடியும் உள்வட்டத்தில் பெரும் முழக்கம். மூன்றாம் பக்கம் 'இன் த லைட்' என்று பூமிக்கு அடியிலிருந்து வருவதுபோன்ற கீபோர்டு நாதத்தில் தொடங்கி, 'டென் இயர்ஸ் கான்' பாட்டில் ஜிம்மி பேஜ் கித்தார்மேல் கித்தாராக அடுக்குவதில் முடிகிறது. என்னைக் கேட்டால் அவர்கள் செய்த பக்கங்களிலேயே சிறந்தது இந்த மூன்றாம் பக்கம்.

நான்காம் பக்கத்தில் பெரும்பாலும் மிச்சச் சரக்கு. தொடர்ச்சியாக ஓடும்போது அந்த மிச்சமும் சேர்ந்தே காதில் விழுகிறது. தட்டாக இருந்தால் மூன்றாம் பக்கத்தோடு உறையில் போட்டு வைத்துவிடலாம்.

3 ஜூலை

நான்காம் பக்கத்தில்தான் 'த வான்டன் சாங்' இருக்கிறது, அதை மிச்சச் சரக்கு என்று எப்படிச் சொல்லலாம் என்று மூன்று பேர் கோபித்திருக்கிறார்கள். அந்தப் பாட்டு அந்தப் பக்கத்தில் இரண்டாவது. ஊசியை நேரே அங்கே வைத்து, முடிந்ததும் தூக்கிவிடுங்கள். அதே பக்கத்தில் உள்ள 'பூகி வித் ஸ்டூ' பாட்டுக்காக யாராவது வாதாட விரும்பினால் தனியாக எழுதட்டும், படிக்கிறேன்.